மாத்திரை அட்டையைச் சுற்றியிருந்த உங்கள் கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அக்கா மகன் ஓட்டுகிற காய்கறி வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில், இன்சூரன்ஸ் தாளுக்கும் புகைச் சான்றிதழுக்கும் அடியில், தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பிலிருந்து கத்தரித்த ஒரு கட்டுரை நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடிப்பைப் பிரித்தால் உள்ளே தூக்கத்தை விரட்டும் மோடஃபினில் என்ற மாத்திரையின் அட்டை. கட்டுரையும் அந்த மாத்திரையைப் பற்றியதுதான். பத்தில் ஏழு குழிகள் காலி. கட்டுரையில் ஒரு வரியின் கீழ் நீலப் பேனாவால் கோடு போட்டிருந்தான். பழைய ஊக்கமருந்துகளைப் போல இது டோபமைனைத் தொடுவதில்லை, ஆகவே பழக்கமாகும் என்ற அச்சம் வேண்டாம் என்பது அந்த வரி. (டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம்.)

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது தவறு. அதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

நான் கேரள அரசு சுகாதாரத் துறையில் 31 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடையில். ஆந்திரத்துச் சித்தூர் வேறு. எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற தென்னந்தோப்புகளில் பாதி தமிழ்நாடு, பாதி கேரளம். நாங்கள் தமிழ்வழியில் படித்தவர்கள். அரசுத் தாள்கள் எங்களுக்கு மலையாளத்தில் வருகின்றன. தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் துண்டறிக்கை எல்லையைத் தாண்டி வருவதில்லை. மாத்திரை அட்டையிலோ ஆங்கிலம். ஆகவே எங்கள் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் ஒரு மருந்தைப் பற்றித் தம் தாய்மொழியில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், காலை முதல் பஸ்ஸில் கோவையிலிருந்து வந்து இறங்குகிற உங்கள் தாள்தான் கதி. நீங்கள் எழுதியதை அவர்கள் நம்புகிறார்கள். கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு நம்புகிறார்கள்.

நடந்தது இது. வேலந்தாவளம் சந்தையில் மாலையில் புடலங்காயும் பாகற்காயும் தக்காளியும் ஏற்றுவார்கள். எர்ணாகுளம் மண்டியில் விடியற்காலை 4 மணிக்குள் இறக்க வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல். நேரம் தவறினால் விலை போகாது, மறுநாள் சரக்கும் வேறு வண்டிக்குப் போய்விடும். இறக்கிவிட்டுத் திரும்பி வீடு சேரும்போது உச்சி வெயில். கூரையில் தகரம் போட்ட வீட்டில் பகலில் எவ்வளவு தூங்க முடியும்? இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அதிகம். சாயங்காலம் மறுபடி ஏற்றம். வாரத்தில் ஆறு இரவு. முன்பெல்லாம் பாலக்காடு - திருச்சூர் சாலையில் உள்ள குதிரான் மலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அந்த நெரிசலில் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து ஒரு தூக்கம் போட்டுக்கொள்வோம், முன்னால் இருக்கும் வண்டி நகர்ந்தால் பின்னால் வருபவன் ஹாரன் அடித்து எழுப்பிவிடுவான் என்று அவனே சொல்லியிருக்கிறான். 2021-இல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தத் தூக்கமும் போயிற்று.

சென்ற கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, அதிகாலை 2.40 மணி. குதிரான் சுரங்கத்தைக் கடந்து பட்டிக்காடு என்ற ஊருக்கு அருகே அவனுடைய வண்டி நடுத்தடுப்பில் ஏறி நின்றது. தக்காளிப் பெட்டிகள் சாலை முழுவதும் சிதறின. கிளீனர் பையனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. வேறு வண்டி எதுவும் வராத நேரம் என்பதால் இரண்டு உயிர்கள் தப்பின. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "சின்னம்மா, நான் தூங்கவில்லை. கண் திறந்துதான் இருந்தது. மைல் கல்லைப் படித்தேன். அடுத்து நான் பார்த்தது தடுப்புச் சுவர்." இரவு 9 மணிக்கு ஒரு மாத்திரை, நள்ளிரவு 1 மணிக்கு இன்னொன்று போட்டிருக்கிறான். ஒவ்வொன்றும் 200 மில்லிகிராம் மோடஃபினில். சீட்டு கேட்காமல் கொடுத்த கடை எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு பக்கமும் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து.

வண்டியிலிருந்து தாள்களை எடுத்து வரச் சொல்லி என்னை அனுப்பியபோதுதான் உங்கள் கட்டுரை கிடைத்தது. என் கையில் அட்டையைப் பார்த்ததும், திட்டுவேன் என்று நினைத்தானோ என்னவோ, முந்திக்கொண்டான். "அது போதை மாத்திரை இல்லை சின்னம்மா. பேப்பரிலேயே போட்டிருக்கிறது, படித்துப் பாருங்கள்." படித்தேன். மூன்று தடவை படித்தேன்.

உங்கள் கட்டுரையாளர் வேண்டுமென்றே தவறாக எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் கேள்விப்பட்டோம். மோடஃபினில் 1970-களில் பிரான்சில் உருவான மருந்து. அமெரிக்காவில் 1998-இல் நார்கோலெப்சி என்ற தூக்க நோய்க்கு அனுமதி பெற்றது. எங்கள் மருந்தகத்துக்கு வந்த மருந்துப் பிரதிநிதிகள், இது முற்றிலும் புது வழியில் விழிப்பைத் தருகிறது, பழைய ஊக்கமருந்தான ஆம்பெட்டமின் போன்றதன்று என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது அது எந்த வழியில் வேலை செய்கிறது என்பதே தெளிவாகியிருக்கவில்லை. அந்தத் தெளிவின்மைதான் "டோபமைன் இல்லை" என்ற பேச்சாகச் சுருங்கி, இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் ஞாயிறு இணைப்பிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

டோபமைன் என்றால் இன்று பலரும் மகிழ்ச்சி தரும் ரசாயனம் என்று மட்டும் நினைக்கிறார்கள். அது மூளையில் செய்கிற வேலைகளில் விழிப்பும் ஒன்று, உடலை அசைப்பதும் ஒன்று. என் அப்பச்சி நடுக்குவாதத்தில் கட்டையாகக் கிடந்தது டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்ததால்தான். 1957-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் என்ற மருந்தைக் கொடுத்தார். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்ததுதான் அந்த ரெசர்பின். முயல்கள் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. மூளையில் டோபமைனாக மாறக்கூடிய டோப்பா என்ற பொருளை ஊசியாகச் செலுத்தியதும் எழுந்து உட்கார்ந்தன. இந்த வழியில் தொடர்ந்த பணிக்கு 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. காது தொங்கிக் கிடந்த முயல் எழுந்ததே, அது மகிழ்ச்சி வந்து எழுந்ததா? டோபமைன் வந்து எழுந்தது. எங்கள் பயிற்சி வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அது மறக்கவில்லை.

மாத்திரை இதில் எங்கே வருகிறது என்பதை என் அக்கா மகனுக்கு எங்கள் தோட்டத்துத் தொட்டியைக் காட்டித்தான் புரியவைத்தேன். மோட்டார் தண்ணீரைத் தொட்டியில் கொட்டுகிறது. அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நரம்புச் செல் டோபமைனை வெளியே விடுகிறது, அது அடுத்த செல்லுக்குச் சேதி சொல்கிறது, சொன்னதும் அதே முதல் செல் அதை உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொள்கிறது. அப்படி உறிஞ்சி எடுக்கிற புரதம் ஒன்று இருக்கிறது. அதுதான் அந்த அடித்துளை. மோடஃபினில் அந்தத் துளையில் சிக்கிய தென்னஞ்சருகு போல. துளை முழுதாக அடைபடாது, ஆனால் வடிவது குறையும், தொட்டியில் மட்டம் ஏறும். ஆம்பெட்டமின் செய்வது இன்னும் முரட்டுத்தனமானது. அது துளையையே திருப்பிவிடும். வடிய வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் மேலே பீறிடும், கிணற்றில் சேர்த்து வைத்ததும் வெளியே வந்துவிடும். இரண்டுக்கும் வேகத்திலும் வலிமையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் கை வைப்பது ஒரே துளையில்.

இது என் சொந்த அனுமானம் இல்லை. அந்த உறிஞ்சும் புரதமே இல்லாமல் பிறக்கும்படி வளர்த்த எலிகளுக்கு மோடஃபினில் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற எலிகளை விழித்திருக்க வைத்த மருந்து அந்த எலிகளிடம் பலிக்கவில்லை. இது 2001-இல் வெளிவந்தது. சருகு போய் அடைக்கத் துளையே இல்லை என்றால் மட்டம் எப்படி ஏறும்? அதன் பிறகு 2009 மார்ச்சில், அமெரிக்கப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய தலைவர் நோரா வோல்கோவும் அவருடைய குழுவும் மனிதர்களிடம் பார்த்ததை அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 10 ஆண்கள். மருத்துவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் அளவுதான், 200 அல்லது 400 மில்லிகிராம். மூளைக்குள் மருந்து எங்கே ஒட்டுகிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளில் அந்த உறிஞ்சும் புரதத்தை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு முதல் பாதிக்குச் சற்று மேல் வரை மாத்திரை பிடித்துக்கொண்டிருந்தது. டோபமைன் மட்டமும் ஏறியிருந்தது. ஏறிய இடங்களில் ஒன்று, போதைப் பழக்கங்கள் எல்லாம் வேர் பிடிக்கிற அதே இடம். பழக்கமாகும் வாய்ப்பைக் கவனத்தில் வைக்க வேண்டும் என்று அந்த ஆய்விலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆய்வு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் "டோபமைனைத் தொடுவதில்லை" என்று அச்சிடுவது சரியா என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன என்று வாசகர் கேட்கலாம். என் அக்கா மகனையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் பாதி மாத்திரை, அதுவும் திங்கட்கிழமை மட்டும். நாலைந்து வாரத்தில் ஒரு மாத்திரை. பிறகு தினமும். பிறகு இரண்டு. யாரும் அவனை ஏமாற்றவில்லை. பழக்கமாகாது என்று நம்பியதால் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. மோடஃபினில் ஆம்பெட்டமினைப் போலப் பலரை அடிமையாக்குகிற மருந்து இல்லை என்பது உண்மை. ஆபத்தே இல்லை என்பது அதற்கு அர்த்தமாகாது. அமெரிக்காவில் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் நான்காம் பிரிவில் வைத்திருக்கிறார்கள். சும்மா வைப்பார்களா?

வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இருந்த இருப்பை நான் பார்த்திருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து வெறித்துப் பார்ப்பான். மூன்று வயது மகள் மடியில் ஏறினால் இறக்கிவிடுவான். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தட்டில் போட்டால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அக்கா அவனுக்குக் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நான் உட்பட யாருக்கும் மாத்திரை என்று தோன்றவில்லை. மருந்தோடு வாழ்ந்தவளான எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அது இன்னும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இந்த இடத்தில் தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்திரை தனியாக வருவதில்லை, தூக்கக் கடனோடு சேர்ந்தே வருகிறது. டோபமைன் சொல்கிற சேதியை வாங்கிக்கொள்ள எதிர்ப்பக்கத்தில் ஏற்பிகள் இருக்கின்றன. ஓர் இரவு முழுவதும் தூங்காமல் இருந்தவர்களின் மூளையில் அந்த ஏற்பிகளில் ஒரு வகை குறைந்து காணப்படுகிறது என்று வோல்கோவின் குழு 2012-இல் காட்டியது. ஊக்கத்தையும் விருப்பத்தையும் ஆள்கிற பகுதியில்தான் அந்தக் குறைவு. மாத்திரை சேதியைக் கூட்டுகிறது, தூங்காத மூளை காதைப் பொத்திக்கொள்கிறது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை குழம்பு எப்படி ருசிக்கும்? இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, தூக்கமின்மையின் பங்கு எவ்வளவு என்று ஒரு மனிதனிடம் தனியாகப் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. இரண்டும் ஒரே வண்டியில் ஏறி வருபவை.

கட்டன் சாயாவைப் போல ஒன்று என்றும் உங்கள் கட்டுரையில் ஓர் இடத்தில் வருகிறது. காபியும் தேநீரும் வேலை செய்கிற இடம் வேறு. நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தைக் கூப்பிடுகிறது. காபியில் உள்ள கஃபீன் அந்தக் கூப்பாடு காதில் விழாமல் செய்கிறது. ஏறத்தாழ 5 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தும் விடுகிறது. மோடஃபினில் உடலில் பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். இரவு 1 மணிக்குப் போட்ட மாத்திரை, மறுநாள் மதியம் அவன் பாயில் படுக்கும்போது இன்னும் பாதி உள்ளே இருக்கும். தூங்க வேண்டிய இரண்டு மணி நேரத்தையும் அது தின்றுவிடும். பிறகு அன்று இரவுக்கு இன்னொரு மாத்திரை தேவைப்படும். அவன் இரண்டுக்கு வந்த வழி இதுதான்.

ஓட்டுநர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. தூக்கம் வரவில்லை என்று தோன்றுவதும் தூக்கம் தீர்ந்துவிட்டது என்பதும் ஒன்றில்லை. கனடாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர்கள் தூக்கமின்றி வைத்திருந்தவர்களுக்கு மோடஃபினில் கொடுத்துச் சோதித்தார்கள். 1997-இல் வந்த அந்த ஆய்வில், மாத்திரை போட்டவர்கள் தாங்கள் செய்வது உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது என்று நம்பினார்கள். இன்னோர் ஆய்வு இரவுப்பணியால் தூக்கக் கோளாறு வந்தவர்களிடம் நடந்தது, 2005-இல் வெளிவந்தது. இருட்டறையில் படுக்க வைத்தால் எத்தனை நிமிடத்தில் தூங்கிவிடுகிறார்கள் என்று அளந்தார்கள். மாத்திரைக்கு முன் 2.1 நிமிடம். 200 மில்லிகிராம் மாத்திரைக்குப் பின் 3.8 நிமிடம். அவ்வளவுதான். நன்றாகத் தூங்கி எழுந்த மனிதருக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் வீடு திரும்பும் வழியில் விபத்தையோ மயிரிழையில் தப்பியதையோ சொன்னவர்கள் 29 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 54 சதவீதம். நியாயத்துக்காக இதையும் சொல்கிறேன், மாத்திரையால் பயன் இருந்தது. ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில், நோய் என்று உறுதி செய்தவர்களுக்கு, ஒரே ஒரு மாத்திரை. அப்படியும் 29 சதவீதம். நான்கு நிமிடத்துக்குள் தூங்கிவிடக்கூடிய ஒருவர், தாம் முழு விழிப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டு நள்ளிரவில் இருண்ட நெடுஞ்சாலையில் நேர்கோட்டில் போகிறார். மைல் கல்லைப் படித்தேன் என்று அவன் சொன்னது பொய்யாக இருக்காது. படித்துவிட்டுத்தான் தூங்கியிருக்கிறான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, தூக்கம் விரட்டும் போதை மாத்திரை என்று அடுத்த வாரம் கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள். அதையும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் தாளிலேயே முன்பு அதிகாரிகள் நடத்திய சோதனை பற்றிய ஒரு செய்தியில் அப்படிப் போட்டிருந்தீர்கள். அதன் விளைவையும் நான் பார்த்தேன்.

எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பெண். பதினான்கு வயதில் வகுப்பில் தூங்குவாள், பரீட்சையில் தூங்குவாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தலை சாயும். பள்ளியில் அடி, வீட்டில் வசவு, கோயிலில் தாயத்து. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தவள் முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நினைவு தப்பவில்லை, கண் விழித்தபடி இருக்கிறாள், எழ மட்டும் முடியவில்லை. அதைக் கேட்டபோதுதான் எங்கள் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டி நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார். நார்கோலெப்சி. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிற ஓரெக்சின் என்ற பொருளை 1998-இல் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரக்கும் செல்கள் இந்த நோயாளிகளின் மூளையில் அழிந்திருக்கின்றன என்பது 2000-இல் தெரிந்தது. சோம்பலும் இல்லை, பேயும் இல்லை. செல்கள் இல்லை. அவளுக்கு நாள்தோறும் காலையில் மோடஃபினில் எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் பல மாதங்கள் அட்டையை எண்ணிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். பள்ளியில் முதல் முறையாக ஒரு பாடவேளை முழுவதும் கேட்டேன் அக்கா என்று என்னிடம் வந்து சொன்னாள். உங்கள் சோதனைச் செய்தியைப் படித்த அவளுடைய அப்பா, மகளுக்குப் போதை மாத்திரையா கொடுக்கிறீர்கள் என்று மருந்தக ஜன்னலில் வந்து கத்தினார். மூன்று வாரம் நிறுத்தியும் விட்டார். அந்த மூன்று வாரத்தில் அடுப்படியில் தூங்கி விழுந்து அவளுக்குக் கையில் சூடு பட்ட தழும்பு இன்றும் இருக்கிறது.

ஒரே மாத்திரை. ஒரு செய்தியில் போதை, இன்னொரு செய்தியில் வெறும் கட்டன் சாயா. டோபமைன் தொட்டியில் மட்டத்தை ஏற்றுகிற மருந்து இது என்று ஒரே ஒரு தடவை சரியாக எழுதியிருந்தால், விழிப்பைத் தாங்கும் செல்களை இழந்தவருக்கு அது ஏன் உதவுகிறது, அவை சரியாக இருக்கிறவர் மட்டத்தை ஏற்றிக்கொண்டால் ஏன் ஆபத்து என்று வாசகருக்கே புரிந்திருக்கும். அவளுடைய அப்பா படிக்காதவர் இல்லை. உங்கள் தாளை வரி விடாமல் படிக்கிறவர்.

திருத்தம் போடும்போது இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் நல்லது. மோடஃபினில் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. இரவுப்பணிக்குப் போகிற பெண்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். கர்ப்பத்தில் இதை எடுக்கக்கூடாது. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அரிதாக அது உயிருக்கே உலையாகும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. இப்படிப்பட்ட காரணங்களால்தான் 2010-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதை மறுபடி ஆராய்ந்து, நார்கோலெப்சிக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சுருக்கியது. இரவுப்பணித் தூக்கக் கோளாறைக்கூட அவர்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முடிந்தால் ஓட்டுநரின் வேலை நேரத்தைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலிருந்து 2025 வரை இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருந்த இடங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. கடன் வாங்கிச் சொந்த வண்டி ஓட்டுகிறவனை யார் கேட்பது? மாதத் தவணை கேட்கும், மண்டி கேட்கும். அவன் தூங்கினானா என்று கேட்க ஆளில்லை. மாத்திரையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் குற்றம் முழுவதும் அவன் தலையில் விழுந்துவிடும்.

இப்போது அவன் வாரத்துக்கு நான்கு இரவுதான் ஓட்டுகிறான். மற்ற இரண்டு இரவு அவன் மாமன் மகன் ஓட்டுகிறான். வருமானம் குறைந்துவிட்டது, தவணைக்கு அக்காவின் வளையல் அடகில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்திய முதல் பத்து நாள் பெரும்பாடு பட்டான். பாயைவிட்டு எழ முடியாமல், எதற்கும் மனம் ஒட்டாமல் கிடந்தான். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் மாத்திரை எதுவும் எழுதவில்லை, தூங்கச் சொன்னார். பகல் தூக்கத்துக்கு என் வீட்டுக் கீழறையைக் கொடுத்திருக்கிறேன். ஓட்டு வீடு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறேன். பனையோலை விசிறிச் சத்தம்கூட இல்லாமல் நான்கு, ஐந்து மணி நேரம் தூங்குகிறான். போன வாரம் எழுந்து வந்து, கருவாடு இருக்கிறதா சின்னம்மா என்று கேட்டான்.

அட்டையில் மிச்சமிருந்த மூன்று மாத்திரைகளை நானே அழித்துவிட்டேன். உங்கள் கட்டுரையை மட்டும் அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். டேஷ்போர்டு பெட்டியில் இருந்த இடத்திலேயே அது இருக்கிறது. திருத்தம் வருகிற நாளில் அதையும் கத்தரித்து அதோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கத்தரிக்கோல் எடுத்து வைத்திருக்கிறான்.

அவனைப் பற்றியும் எழுதியிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
கொழிஞ்சாம்பாறை வழி, சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம்.